செந்தணலாக ஓடும் எஃகைத் தொடாமல் சோதிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் நகரின் எஃகுத் தொழிலில் சேர விரும்பும் டர்பன் மாணவர் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளை எஃகிலிருந்து சற்று விலக்கி வைத்தால், அதன் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை எழுப்பும் எதிர்ப்புலத்தை வேறு சுருள்கள் உணர, அந்த அளவுகளைக் கணினி படமாகத் தொகுக்கிறது.

என்னை மிகவும் கவர்வது, இரும்பு சுமார் 770 பாகை செல்சியசுக்கு மேல் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடுவதுதான். ஆகவே, உருட்டாலையிலிருந்து வெளிவரும் தகடு நீர்த்தெளிப்பில் குளிரும்போது மீண்டுவரும் காந்தத்தன்மையைக் கொண்டே, ஆஸ்டனைட் எனும், சூடான எஃகின் காந்தமற்ற படிக அமைப்பு எந்த அளவுக்கு ஃபெரைட் எனும் காந்தத்தன்மையுள்ள அமைப்பாக மாறியுள்ளது என்பதை ஓட்டத்திலேயே கணிக்கலாம். தகட்டின் வலிமை பெரிதும் அந்த மாற்றத்தைச் சார்ந்தது.

சுருளில் பாயும் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைக் கூட்டினால் புலம் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆழமாகப் பார்க்க அதைக் குறைக்க வேண்டும். தகடு அதிர்ந்து, சுருளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறினாலும் அளவு பிறழும் என்பதால், அதற்கான திருத்தம் இன்றியமையாதது.