கேளுங்கள், சொல்கிறோம்: ஜார்ஜ் டவுன்

பாரிமுனை, ஜார்ஜ் டவுன், சவுகார்பேட்டை, மண்ணடி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே இடம்தானா?
*– வாசகர், நாகர்கோவில்*

ஜார்ஜ் டவுன்தான் முழுப் பகுதி, மற்றவை அதன் துண்டுகள். தெற்கு வாசல் பாரிமுனை. 1788இல் சென்னை வந்து வணிகத்தில் இறங்கிய தாமஸ் பாரியின் பெயர் அந்த முனைக்கு ஒட்டிக்கொண்டது. பிரகாசம் சாலைக்குக் கிழக்கே கடல்வரை முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இந்த இரண்டும்தான் பழைய பெயர்கள். மண்ணடி முத்தியால்பேட்டைப் பக்கம், சவுகார்பேட்டை பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம். 'சாகுகார்' என்றால் வட்டிக்குப் பணம் கொடுப்பவர், பெருவணிகர். குஜராத்திகளும் மார்வாடிகளும் தங்கசாலையைச் சுற்றிக் குடியேறியதால் அமைந்த பெயர் அது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூட்டினார்கள். அதற்கு முன் ஆங்கிலேயர் வாயில் இது 'பிளாக் டவுன்', அதாவது கறுப்பர் நகரம்.

கறுப்பர் நகரம் கோட்டை மதிலை ஒட்டியே இருந்ததாகப் படித்தேன். இன்று கோட்டைக்கும் பாரிமுனைக்கும் நடுவில் உயர்நீதிமன்றம் இருக்கிறதே, எப்படி?
*– வாசகி, கோயம்புத்தூர்*

நீங்கள் படித்தது சரி. அந்த உயர்நீதிமன்ற வளாகம்தான் பழைய கறுப்பர் நகரம். 1640இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியதும் நெசவாளர், சாயம் போடுபவர், மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷிகள் எல்லோரும் அதன் வடக்கு மதிலை ஒட்டிக் குடியேறினார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது, மதிலுக்கு மிக அருகில் இருந்த வீடுகளை இடித்தார்கள். 1749இல் ஊர் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் திரும்பி வந்தது. எதிரி வீடுகளின் மறைவில் மதில்வரை வந்துவிடலாம் என்ற பாடத்தை இப்போது கம்பெனியும் கற்றிருந்தது. மிச்சத்தையும் அதுவே இடித்து, பீரங்கி சுடத் தோதான வெட்டவெளி ஆக்கிவிட்டது. ஊர் வடக்கே நகர்ந்தது.

இந்த எல்லைக்குள் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று கல்தூண்கள் நட்டார்கள். 1773 என்று ஆண்டு பொறித்த ஒரு தூண் பாரிமுனையில், பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. பேருந்துக்கு ஓடுகிறவர்கள் அதில் கைவைத்துத் திரும்புவதோடு சரி. தூண் நட்டு நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு, அந்த வெளியில் 1892இல் உயர்நீதிமன்றம் திறக்கப்பட்டது.

இடிபட்டவற்றில் பட்டணத்துக் கோயிலும் ஒன்று. அதற்கு ஈடாக எழுந்தவைதான் பூக்கடை அருகே அடுத்தடுத்து நிற்கும் சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்கள். 1760களில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டினார். நிலமும் பணமும் கம்பெனி கொடுத்தது. இடித்த கையே கொடுத்த இழப்பீடு என்று கொள்ளலாம்.

வால்டாக்ஸ் சாலை: வரியா, வாலா?
*– வாசகர், திண்டுக்கல்*

வரிதான். 'வால் டாக்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் மதில் வரி. ஹைதர் அலியின் படைகள் 1760களின் இறுதியில் சென்னையின் வாசல்வரை வந்து போன பிறகு, புது ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். செலவை மதிலுக்குள் இருப்பவர்கள் தலையில் கட்டும் எண்ணத்தில் வந்த பெயர் இது. அலுவல் ஆவணங்களில் இப்போது வ.உ.சி. சாலை. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் சாலையில் மாடிப் பூங்காவாகத் தப்பியிருக்கிறது. 'கவுனி' என்றால் மதில் வாசல். மதில் போய்விட்டது, யானைகவுனி மட்டும் பெயரில் இருக்கிறது.

பிராட்வே என்று பெயர் வைத்துவிட்டு இவ்வளவு குறுகலாகவா விடுவார்கள்?
*– வாசகர், சென்னை*

பதினெட்டாம் நூற்றாண்டுக் கண்ணால் பாருங்கள், மாட்டுவண்டிக்கு அது அகலம்தான். அந்த இடம் முதலில் சாலையே இல்லை, இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே சாக்கடைத் தண்ணீர் ஓடிய பள்ளம். ஸ்டீபன் போப்பம் என்ற வழக்கறிஞர் 1780களில் அதை வடியவைத்துச் சாலை ஆக்கினார். இன்று அது பிரகாசம் சாலை.

அந்தப் பள்ளத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வலங்கை, இடங்கை என்று அன்று இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதியினரின் தெருச்சண்டை, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்பதில் தொடங்கி 1707இல் முற்றியது. வலங்கையினருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையினருக்கு முத்தியால்பேட்டை என்று ஆளுநர் தாமஸ் பிட் பிரித்துவிட்டார். வலங்கையினர் ஊரைவிட்டே சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆள் இல்லாமல் துணி வணிகம் நடக்குமா? சமாதானம் பேசித்தான் திரும்ப அழைத்தார்கள்.

ஊரில் சிறிய பல்பொருள் கடை வைத்திருக்கிறேன். ஜார்ஜ் டவுனில் நேரடியாகக் கொள்முதல் செய்ய விருப்பம். எந்தத் தெருவில் என்ன கிடைக்கும்? எதில் ஏமாறுவார்கள்?
*– வாசகர், சங்கரன்கோவில்*

முதலில் ஒன்று: தெருப்பெயரை நம்பிப் போகாதீர்கள். பெயர் அன்றைய தொழிலைச் சொல்லும், கடை இன்றைய தொழிலைச் செய்யும். பவழக்காரத் தெருவில் பவழம் தேடினால் கிடைக்காது. மத்தியதரைக் கடல் பவழத்தை இங்கே இறக்கி, கோல்கொண்டா வைரத்தை ஏற்றிப்போன யூத வணிகர்களின் காலத்துப் பெயர் அது. பின்னால் நகரத்தார் அங்கே வந்தார்கள். தங்கசாலையில் நாணயம் அடித்த காலமும் 1869உடன் முடிந்தது. அந்த வளாகம் அரசு அச்சகமாகிவிட்டது.

இன்றைய நிலவரம் இது. துணி மொத்தம் என்றால் கோடவுன் தெரு. மளிகை, பருப்பு, மசாலா கோவிந்தப்ப நாயக்கன் தெருவில். நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனம், மருத்துவப் பொருள்கள். கண்ணாடி, படச்சட்டத்துக்குத் தேவராஜ முதலி தெரு. காகிதம், அழைப்பிதழ் ஆண்டர்சன் தெருவில். காசிச்செட்டித் தெருவில் ஃபேன்சி சாமான். தங்க, வெள்ளி நகைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலையும் அதன் கிளைத் தெருக்களும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். காலை பதினொரு மணிக்குள் விலை விசாரித்து முடித்துவிட்டால் நல்லது. அதற்குப் பிறகு கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. முதல் கடையிலேயே வாங்காமல் மூன்று கடையில் ஒரே சரக்குக்கு விலை கேளுங்கள். கேட்கும்போது அலகைத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஃபேன்சி சாமானை டஜனுக்கும் சொல்வார்கள், குரோஸுக்கும் சொல்வார்கள். குரோஸ் என்றால் 144. துணியில் 'தான்' (முழுச் சுருள்) விலையா மீட்டர் விலையா என்று பாருங்கள், தானைப் பிரித்து அகலத்தையும் அளந்துவிடுங்கள். மாதிரியில் காட்டிய அகலம் கட்டில் இருக்காது என்பதுதான் பொதுவான ஏமாற்றம். மாதிரித் துண்டு ஒன்றை வெட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால், சரக்கு வந்தபின் ஒப்பிடலாம்.

சரக்கைச் சுமந்து வராதீர்கள், லாரி பார்சல் அலுவலகத்தில் புக் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டின் இரண்டு பக்கத்திலும் ஊர், கடைப்பெயர், செல்பேசி எண், 'மொத்தம் ஐந்தில் இது இரண்டாவது' என்ற கணக்கு ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். இந்தக் கணக்கு இல்லாத கட்டுதான் வழியில் காணாமல் போகும். எல்.ஆர். எனும் லாரி ரசீதில் கட்டு எண்ணிக்கையும், வாடகை கட்டிவிட்டதா 'டு-பே'யா (சரக்கை எடுக்கும்போது கட்டுவது) என்பதும் சரியாக இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாயைத் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வேண்டும். வரி போடாத கச்சா பில் எழுதித் தந்தால் மலிவாகத் தோன்றும். வழியில் மடக்கினால் அபராதம் உங்கள் தலையில் விழலாம்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறோம். 400 பேரை அழைக்க வேண்டும். எத்தனை வாங்குவது?
*– வாசகி, அம்பாசமுத்திரம்*

தலையை எண்ணாதீர்கள், வீட்டை எண்ணுங்கள். 400 பேர் என்றால் பத்திரிகை ஏறக்குறைய 150 வீட்டுக்குத்தான் போகும். அதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள். அச்சில் கொஞ்சம் வீணாகும், கடைசி வாரத்தில் நினைவுக்கு வரும் உறவுகளும் உண்டு. மறு அச்சுக்குப் போனால் பத்து அட்டைக்கும் முழுக் கூலிதான்.

அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது ஓரத்தில் மஞ்சளைக் குழைத்துத் தடவிப் பாருங்கள். பளபளப்பு மேற்பூச்சுள்ள அட்டையில் மஞ்சள் பிடிக்காமல் வழியும். தபாலில் அனுப்புவதாக இருந்தால் உறையோடு எடைபோடுங்கள். 20 கிராம் தாண்டினால் தபால்தலைச் செலவு அடுத்த படிக்கு ஏறும். புரூஃபைச் செல்பேசியில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள், தாளில் எடுத்துப் படியுங்கள். எழுத்துரு மாறும்போது முதலில் உடைவது 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பு, கால். ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை வைத்துச் சரிபார்ப்பவர் எழுதிக் கொடுத்தவராக இருக்கக் கூடாது. அவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது.

முத்தியால்பேட்டையில் நூறாண்டைத் தாண்டிய வீடு. மாடி மரக்கட்டைத் தளம், மழையில் ஒழுகுகிறது. மேலே சிமென்ட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
*– வாசகர், சென்னை*

போடாதீர்கள். உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்குக் கட்டைகளின் மேல், ஓரங்குலமே கனமுள்ள சிறு செங்கல்லை 45 பாகைக் கோணத்தில் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை ஏறக்குறைய மூன்று அங்குலம், கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே கட்டைக்கு இறங்கும். மேல்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே கட்டை உளுத்துக்கொண்டிருக்கும். பூச்சின் எடையும் அதே கட்டையின் தலையில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது மழைநீர்க் குழாய். இலையடைத்துத் தண்ணீர் தேங்குவதாலேயே பாதி ஒழுக்கு. அடுத்து கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அங்கே அரசமரக் கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்கும். மூன்றாவதாக, கட்டை சுவருக்குள் நுழையும் முனை. நடுக்கட்டை நன்றாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் ஓரடிதான் ஈரத்திலும் கரையானிலும் போகும். திருப்புளியால் குத்திப் பாருங்கள், எளிதாக இறங்கினால் முட்டுக்கொடுத்துவிட்டு அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். சரியானபின் பெயர்ந்த தட்டோடுகளை மட்டும் எடுத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தில் திரும்பப் பதியுங்கள். ஜல்லிக் கலவை புதிதாகப் போட்டால், மரக்கட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கிற கட்டை தெறித்து எழும்புகிற பதம் வரும்வரை நிறுத்தக் கூடாது. அவசரக்காரக் கொத்தனாருக்கு இந்த வேலை ஆகாது.

கொத்தவால் சாவடிக்குப் போனால் காய்கறி கிடைக்குமா?
*– வாசகர், அரக்கோணம்*

மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

அரை நாளில் பார்க்க வேண்டுமானால் எந்த வழி?
*– வாசகி, திருச்சி*

உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி, டேர் ஹவுஸ் தூணில் தொடங்குங்கள். அங்கிருந்து அரண்மனைக்காரத் தெரு. அரண்மனை எதுவும் இல்லை, 'அர்மீனியன்' தமிழ் நாக்கில் அப்படி ஆயிற்று. 1772இல் கட்டிய அர்மீனியர் தேவாலயம் அங்கே இருக்கிறது. வெளியே இரைச்சல் எவ்வளவோ, உள்ளே அமைதி அவ்வளவு. முற்றத்தில் கல்லறைப் பலகைகளைக் கவனியுங்கள். அடுத்து தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள், பிறகு மண்ணடி வழியாகப் பவழக்காரத் தெரு. பிரகாசம் சாலையைக் கடந்து கந்தகோட்டம், அது வள்ளலார் பாடிய தலம். அங்கிருந்து தங்கசாலை. ஆட்டோ வேண்டாம், நடையைவிட மெதுவாகத்தான் போகும். கட்டடங்களின் மேல்மாடிகளைப் பார்க்க ஞாயிறு காலை சரி, வணிகத்தைப் பார்க்க வேண்டுமானால் வேலைநாளில் வாருங்கள். மீன்பாடி வண்டிக்கு (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) வழிவிட்டு ஒதுங்குங்கள், சரக்கோடு வருகிற அதற்கு பிரேக் உடனே பிடிக்காது.