சிறார் நீதிச் சட்டத்தை நாடாளுமன்றம் ஆராய்ந்துதான் மாற்றியதா? அது எப்படி நடக்கிறது என்று பொதுமக்களால் பார்க்க முடியுமா?

ஆராய்ந்தது. நன்றாகவே ஆராய்ந்தது. ஆராய்ந்தவர்கள் சொன்ன முக்கியமான பேச்சைத்தான் அரசு காதில் வாங்கவில்லை. உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தில் சட்ட உதவி வழக்கறிஞராக, 18 வயதுக்கு உட்பட்டவர்கள்மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் பல வருடங்களாக ஆஜராகி வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2014 ஆகஸ்டில் மேனகா காந்தி மக்களவையில் புதிய மசோதாவைக் கொண்டுவந்தார். 2012 டிசம்பரில் தில்லியில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையில் குற்றவாளி என்று முடிவானவர்களில் ஒருவனுக்கு அப்போது 18 நிரம்பவில்லை. அவனுக்குக் கிடைத்தது சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு. அந்தக் கோபத்தில் பிறந்த மசோதா இது. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்று இருக்கும் குற்றங்கள் கொடுங்குற்றங்கள். அதில் 16 முதல் 18 வயதுக்குள் இருக்கும் ஒருவர் சிக்கினால், அவருடைய மனநிலையையும் புரிதலையும் பார்க்கும் முதற்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவரைப் போல விசாரிக்க அனுப்பலாம் என்றது.

மசோதா மனிதவள மேம்பாட்டுத் துறைக்கான நிலைக்குழுவுக்கு, அதாவது மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழுவுக்கு, போனது. தலைவர் சத்தியநாராயண் ஜட்டியா, ஆளும் பாஜகவைச் சேர்ந்தவர். 2015 பிப்ரவரியில் வந்த அந்தக் குழுவின் 264ஆவது அறிக்கையை நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள். சிறார் குற்றங்கள் பெருகிவிட்டன என்று அமைச்சகம் காட்டிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களைக் குழு அப்படியே ஏற்கவில்லை. அவை முதல் தகவல் அறிக்கைகளின் எண்ணிக்கை. குற்றம் நிரூபணமானவற்றின் எண்ணிக்கை கிடையாது. அப்படிப் பார்த்தாலும் நாட்டின் மொத்தக் குற்றங்களில் சிறார்மீது பதிவானவை 1.2 சதவீதம்தான். 16க்கும் 18க்கும் இடைப்பட்ட வயது கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் வயது, அவர்களைத் தனியே பிரிப்பது அரசியல் சாசனத்தோடு மோதும் என்று எழுதியது. சொந்தக் கட்சியின் அமைச்சர் கொண்டுவந்த மசோதாவைப் பற்றி இவ்வளவு நேராக எழுதிய அறிக்கைகளை நான் அதிகம் படித்ததில்லை.

பலன்? ஒரு பிரிவு போனது. 18 வயதுக்குள் குற்றம் செய்து 21 வயதுக்குப் பிறகு பிடிபட்டால் பெரியவராகவே விசாரிக்கலாம் என்றிருந்த 7ஆவது பிரிவை அரசு கைவிட்டது. அதுவே பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் மசோதாவின் உயிர்நாடி அப்படியே இருந்தது. 2015 மே 7 அன்று மக்களவை நிறைவேற்றியது. பிறகு மாநிலங்களவையில் மாதக்கணக்கில் கிடந்தது. டிசம்பர் 20 அன்று அந்தத் தில்லிச் சிறுவன் தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தான். இரண்டே நாளில், 22ஆம் தேதி, மாநிலங்களவையும் நிறைவேற்றிவிட்டது. இன்னும் ஆராய, அவை உறுப்பினர்கள் கொண்ட தெரிவுக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்ட மார்க்சிஸ்ட் உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள். பார்வையாளர் மாடத்தில் அந்தப் பெண்ணின் பெற்றோர் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் வலியைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் அவைக்குள் இருந்த எல்லோருக்கும் ஒன்று தெரியும்: அன்று நிறைவேறிய சட்டம் அவனைத் தொடவே முடியாது. குற்றம் நடந்த நாளில் இல்லாத தண்டனையைப் பிறகு வந்த சட்டம் சுமத்தக்கூடாது என்கிறது சாசனத்தின் 20(1). வேறு பிள்ளைகளுக்கான சட்டம், அவன் பெயரால் வந்தது.

இதே சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம் இன்னும் வேகம். நிலைக்குழுவுக்கே போகவில்லை. ஜூலை 28 அன்று பெகாசஸ் உளவு மென்பொருள் விவகார அமளிக்கு நடுவே மாநிலங்களவையில் நிறைவேறியது. இது இந்த ஒரு சட்டத்தின் கதை மட்டும் கிடையாது. 15ஆவது மக்களவையில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் (2019-24) 16 சதவீதம்.

சரி, சட்டம் வந்துவிட்டது. அது சொன்னபடி நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் என் வேதனை.

சில வருடங்களுக்கு முன் குழுமத்தின் வராந்தாவில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை வாய்தாம்மா?" என்று கேட்டார். மகனுக்கு 16 வயது, இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. சட்டப்படி அது சிறு குற்றம். முதல் முறை ஆஜர்படுத்திய நாளிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், கூடுதலாக 2 மாதம் நீட்டிக்கலாம், அதற்கும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அதோடு முடிவுக்கு வந்துவிடும். 14ஆவது பிரிவு. அந்தப் பையன் வழக்கில் 6 மாதம் எப்போதோ கடந்திருந்தது. மனு போட்டோம், வழக்கு முடிந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தத் தாய் ஒரு நாள் கூலியை இழந்திருந்தார். வீட்டுக்கு வந்தபிறகும் மனம் ஆறவில்லை. இப்படி இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினேன். காலக்கெடு தாண்டிய வழக்குகளின் எண்ணிக்கை மட்டும் கேட்டேன். சிறாரின் அடையாளத்தை வெளியிட சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை விதிக்கிறது, தர இயலாது என்று பதில் வந்தது.

அந்த 74ஆவது பிரிவை உயிராக மதிக்கிறவள் நான். பெயர், முகவரி, பள்ளி, எதுவும் வெளியே போகக்கூடாது. போனால் அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லை, வாடகை வீடு இல்லை. ஆனால் "நிலுவை வழக்குகள் எத்தனை" என்ற எண்ணில் எந்தப் பிள்ளையின் முகம் இருக்கிறது? பிள்ளையை மறைக்கக் கொடுத்த திரையை அலுவலகம் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் விசாரணையில் இருக்கும் சிறாரை வைக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்தான். பணியாளர்கள் கைதானார்கள், நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் ஆணையம் வந்தது. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் பார்க்க ஒரு பிள்ளை சாக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் எண்கள் இருக்கின்றன. சிறார் நீதிச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி ஒவ்வொரு குழுமமும் 3 மாதத்துக்கு ஒருமுறை நிலுவை விவரத்தைத் தலைமை நீதித்துறை நடுவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தர வேண்டும். மாநில அளவில் உயர்நிலைக் குழு 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதை மக்கள் பார்க்கும் இடத்தில் வைப்பதில்தான் தயக்கம். 2025இல் வெளியான இந்திய நீதி அறிக்கைக் குழுவின் ஆய்வு, 362 குழுமங்களில் 55 சதவீத வழக்குகள் முடியாமல் கிடந்தன என்றது, 2023 அக்டோபர் நிலவரப்படி. அதற்கும் அவர்கள் மாநிலம் மாநிலமாகத் தகவல் உரிமை மனு போட வேண்டியிருந்தது. 1920இலேயே சிறாருக்கென்று தனிச் சட்டம் கண்டது நம் சென்னை மாகாணம். இந்தியாவில் அதுதான் முதல். நூறு வருடம் கழித்து ஓர் எண்ணுக்காக மனுவோடு நிற்கிறோம்.

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ)-வில் அழகான ஒரு வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது. அவையும் குடிமகனும் ஒரே தட்டில். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது.

நீங்கள் மனு போடுவதானால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். "எத்தனை சிறார்" என்று தொடங்காதீர்கள். "சிறார் நீதிச் சட்டத்தின் 16(3) பிரிவின் கீழ் அளித்த காலாண்டு அறிக்கைகளின் நகல்" என்று கேளுங்கள். அடையாளம் தெரியும் பகுதி ஏதும் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி அதை நீக்கிவிட்டு மீதியைத் தரும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நான் அப்படித்தான் செய்தேன், ஒற்றைத்தாளில் ஒரு அட்டவணை வந்தது. மொத்த நிலுவை இருந்தது, அந்தக் காலாண்டில் முடித்தவை இருந்தன. 6 மாதம் தாண்டிய சிறு குற்ற வழக்குகள் எத்தனை என்பதற்கு அதில் கட்டமே இல்லை. அதற்கான மனுவை இந்த வாரம் தபாலில் சேர்த்திருக்கிறேன்.