யூஎக்ஸ் டிசைனர்கள் எங்கே கற்கலாம், யாரோடு கூடலாம்: கேள்வி பதில்

யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) துறையில் படிப்பு, சான்றிதழ், மாநாடு, மாதாந்திரச் சந்திப்பு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். "எந்த டூல் நல்லது" வகைக் கேள்விகளை எடுக்கவில்லை. அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கேள்வி: அக்கா, இப்போதுதான் பட்டப்படிப்பு முடித்தேன். கூகுளின் யூஎக்ஸ் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்குமா?

பதில்: சான்றிதழை மட்டும் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள் தம்பி. அதற்காக அது வீண் என்றும் சொல்லமாட்டேன். 2021-ல் கோர்சேரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் வந்த அந்தப் படிப்பு, எதற்குப் பிறகு எது என்பதை ஒழுங்காகக் கற்றுத்தருகிறது: பயனரோடு பேசுவது, பிரச்சினையை வரையறுப்பது, வயர்ஃப்ரேம் (திரையின் கோட்டு வரைவு), புரோட்டோடைப் (இயக்கிப் பார்க்கும் மாதிரி), சோதனை. முடிக்கும்போது போர்ட்ஃபோலியோவுக்கு (செய்த வேலைகளின் தொகுப்புக்கு) மூன்று புராஜெக்ட் கையில் இருக்கும். பணம் கட்ட முடியாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

சிக்கல் அந்த மூன்று புராஜெக்டில்தான். உலகம் முழுக்க எத்தனையோ பேர் அதே பயிற்சியைச் செய்திருக்கிறார்கள். ஆள் எடுப்பவர் ஒரே சாயலில் கேஸ் ஸ்டடிகளை, அதாவது புராஜெக்ட் விளக்கங்களை, பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருப்பார். அதனால் பாடத்தின் படிகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினையை மட்டும் உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து எடுங்கள். உங்களைச் சுற்றி யாராவது ஒரு செயலியோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். அவரோடும், அவரைப் போன்ற நாலைந்து பேரோடும் உட்கார்ந்து, அவர்கள் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். நேர்காணலில் "அவர் ஏன் அந்தப் பட்டனைத் தொடவில்லை?" என்று கேட்டால், நீங்களே கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம்.

கேள்வி: நீல்சன் நார்மன் குரூப் என்ற யூஎக்ஸ் ஆய்வு, பயிற்சி நிறுவனத்தின் சான்றிதழ் அவ்வளவு செலவுக்குத் தகுமா? அலுவலகம் பணம் தரலாம் என்கிறது.

பதில்: தரலாம் என்கிறது என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காசு என்றால் வேண்டாம் என்பேன். ஐந்து பாடங்கள் படித்து ஐந்து தேர்வுகளில் தேறினால் சான்றிதழ். பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று எடுத்துவிடுகிறார்கள். இப்போது உங்கள் மேசையில் முட்டிக்கொண்டு நிற்கும் வேலைக்கு எது பயன்படுமோ அதை எடுங்கள். வகுப்புக்கு அந்த வேலையையே கொண்டுபோய், ஆசிரியரிடம் அதை வைத்தே கேள்வி கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு அதுதான் ஈடு. அவர்களுடைய கட்டுரைகள் எப்படியும் இலவசம்.

கேள்வி: அப்படி இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் படிக்கிறேன் மேடம், ஒன்றும் மனதில் நிற்பதில்லை. என்ன செய்வது?

பதில்: தனியாகப் படிப்பதை நிறுத்துங்கள். மூன்று பேர் சேர்ந்து, வாரம் ஒரு கட்டுரை, ஒருவர் அதை ஆதரித்துப் பேச வேண்டும், இன்னொருவர் மறுத்துப் பேச வேண்டும். மூன்றாமவருக்கு வேலை, "இதை நம் புராஜெக்டில் எங்கே வைப்பது?" என்று நச்சரிப்பது.

ஓர் உதாரணம். "ஐந்து பயனர்களை வைத்துச் சோதித்தால் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நீல்சன் நார்மன் குரூப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கட்டுரை அது. அதைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தால்தான் மீதிப் பாதி கண்ணில் படும். பதினைந்து பேருக்கு வசதி இருந்தால், எல்லோரையும் ஒரே சோதனையில் கொட்டாமல், ஐந்து ஐந்தாக மூன்று முறை சோதித்து, நடுவில் திருத்திக்கொண்டே போங்கள் என்றுதான் அவர் சொல்கிறார். பயனர்கள் ஒருவருக்கொருவர் மிகவும் வேறுபட்ட குழுக்களாக இருந்தால் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒருமுறை ஐந்து பேரோடு முடித்துவிட்டு "ரிசர்ச் ஆயிற்று" என்று கையைத் தட்டிக்கொள்ள அவர் யாருக்கும் அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை.

கேள்வி: இன்டராக்‌ஷன் டிசைனர்களின் சங்கமான ஐஎக்ஸ்டிஏவை மூடிவிட்டார்களாமே? இனி எந்த அமைப்பில் சேர்வது?

பதில்: ஆமாம், 2024-ல் கலைத்துவிட்டார்கள். 2008-ல் அமெரிக்காவின் சவானா நகரில் தொடங்கிய அவர்களுடைய 'இன்டராக்‌ஷன்' மாநாடும் அதோடு போயிற்று. எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாதாமாதம் ஓர் அறையைப் பிடித்து, நாற்காலி போட்டு, இருபது பேரைக் கூட்டியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். தலைமை போனாலும் அந்த ஆட்கள் எங்கும் போய்விடவில்லை. உங்கள் பக்கத்துக் கிளையை நடத்தியவர்கள் இப்போது வேறு பெயரில் கூடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

பழைய அமைப்பு என்றால் யூஎக்ஸ்பிஏ இருக்கிறது. 1991-ல் யூஸபிலிட்டி (பயன்படுத்த எளிதாக இருத்தல்) வல்லுநர் சங்கமாகத் தொடங்கி, 2012-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. பல நாடுகளில் கிளைகள் உண்டு. உறுப்பினர் கட்டணம் கட்டுவதற்கு முன், உங்கள் கிளை கடந்த ஆண்டில் எத்தனை கூட்டம் நடத்தியது என்று கேளுங்கள். பதில் இழுவையாக வந்தால் கட்டாதீர்கள்.

அமைப்பில் சேராமலே போகக்கூடியவையும் உண்டு. நவம்பர் இரண்டாம் வியாழன் உலக யூஸபிலிட்டி தினம், 2005 முதல் நடக்கிறது. தளத்தின் தகவல்களை வகுத்து அடுக்கும் தகவல் கட்டமைப்புக்காரர்களுக்கு (சுருக்கமாக ஐஏ) உலக ஐஏ தினம். இரண்டிலும் அந்தந்த ஊர்க்காரர்களே நிகழ்ச்சியை நடத்துகிறார்கள், அதனால் தரம் ஏறி இறங்கும். பெண்களுக்கென்று 2013-ல் மான்செஸ்டரில் தொடங்கிய லேடீஸ் தட் யூஎக்ஸ் பல நகரங்களுக்குப் பரவியது.

கேள்வி: மாநாட்டுக் கட்டணம், விமானம், தங்கும் செலவு எல்லாம் கூட்டினால் தலை சுற்றுகிறது. மாணவி நான். ஏதாவது வழி?

பதில்: இருக்கிறது. ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கத்தின் சிஎச்ஐ மாநாட்டில் (மனிதர்-கணினி ஊடாட்ட ஆய்வு மாநாடு, துறைக்காரர்கள் 'கை' என்பார்கள்) மாணவர் தன்னார்வலர் திட்டம் உண்டு. சுமார் இருபது மணி நேரம் வேலை செய்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது. பதிவு மேசையில் நிற்பது, அறை வாசலில் ஆட்களை எண்ணுவது போன்ற வேலைகள். பயணச் செலவு உங்களுடையது என்பதை மறந்துவிடாதீர்கள். போட்டி இருக்கும், சீக்கிரம் விண்ணப்பியுங்கள்.

"பேச்சாளராகப் போனால் இலவசம்தானே" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தொழில்முறை மாநாடுகளில் பெரும்பாலும் அப்படி. ஆய்வு மாநாடுகளில் கட்டுரை படைப்பவரும் பணம் கட்டிப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். விதிகளைப் படித்துவிட்டு மகிழுங்கள்.

போகவே முடியாவிட்டால்: டிசைன் மென்பொருள் நிறுவனமான ஃபிக்மா நடத்தும் கான்ஃபிக் மாநாட்டின் உரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. அணுகல்தன்மைக்கான (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வது) ஆக்ஸ்-கான் மாநாடு முழுக்க இணையவழி, கட்டணமில்லை. ஆனால் வீடியோவைப் "பிறகு பார்" பட்டியலில் போட்டால் அது அங்கேயே குடியிருக்கும். நாலு பேர் சேர்ந்து ஓர் உரையை ஓடவிட்டு, பாதியில் நிறுத்திச் சண்டை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மீட்டப்புக்குப் போனால் ஒரு மூலையில் நின்று செல்போனைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். எனக்கு இதெல்லாம் சரிப்படாதோ அக்கா?

பதில்: உங்கள் கேள்வியைப் போலவே நிறைய வந்தன, அதனால் உங்களுக்குச் சரிப்படாது என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். நீங்கள் போகும் கூட்டத்தின் வடிவம்தான் சரியில்லை. கையில் கோப்பையோடு நின்று கலந்து பழகும் மாலைகள் ஏற்கெனவே நண்பர்கள் உள்ளவர்களுக்கானவை. புதியவருக்கு அங்கே பிடி கிடைக்காது.

உட்கார்ந்து ஒரு வேலை செய்யும் கூட்டங்களைத் தேடுங்கள். பட்டறை, டிசைன் விமர்சனக் கூட்டம், லீன் காபி. இந்த லீன் காபி 2009-ல் சியாட்டிலில் பிறந்த எளிய முறை: ஆளுக்கு ஒரு தலைப்பைச் சீட்டில் எழுதி மேசையில் வைக்க வேண்டும், எல்லோரும் வாக்களிக்க வேண்டும், அதிக வாக்கு பெற்றது முதலில். சில நிமிடங்களுக்கு மணி வைத்து, மணி அடித்ததும் தொடரலாமா வேண்டாமா என்று கட்டைவிரலால் சைகை. வாய் வீச்சுக்காரர் ஒருவரே பேசிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் சீட்டு உங்களுக்காகப் பேச்சைத் தொடங்கிவைத்துவிடும்.

இன்னொன்று, சீக்கிரம் போங்கள். ஐந்து பேர் இருக்கும் அறையில் யாராவது உங்களிடம் பேசியே ஆக வேண்டும். ஐம்பது பேர் வந்தபின் நுழைந்தால் வட்டங்கள் மூடியிருக்கும். அதைவிட நல்லது, நடத்துபவரிடம் முன்கூட்டியே "பெயர் அட்டை கொடுக்கும் வேலையை நான் பார்க்கட்டுமா?" என்று கேட்பது. வரும் ஒவ்வொருவரும் அவர்களாகவே உங்களிடம் வந்து பெயரைச் சொல்லுவார்கள்.

கேள்வி: ஏடிபிலிஸ்ட் என்ற வழிகாட்டித் தளத்தில் மென்டர்களோடு (வழிகாட்டிகளோடு) பேசினேன். எல்லோரும் "நன்றாக இருக்கிறது, தொடருங்கள்" என்கிறார்கள். பயனே இல்லை.

பதில்: "என் போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள்" என்று கேட்டிருப்பீர்கள். அரை மணி நேரத்தில் முன்பின் தெரியாதவரால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? "இந்தக் கேஸ் ஸ்டடியின் முதல் திரையைப் படித்துவிட்டு, நான் இந்தப் புராஜெக்டில் என்ன செய்தேன் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுப்பாருங்கள். அவர் தப்பாகச் சொன்னால் உங்களுக்குத் திருத்த வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. அப்புறம், ஒவ்வொரு முறையும் புது மென்டரைப் பிடிக்காதீர்கள். ஒத்துப்போகும் ஒருவரிடமே திரும்பிப் போய், அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு குழுவும் இல்லை. நாமே தொடங்கலாம் என்று இரண்டு நண்பர்கள் சேர்ந்திருக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். லோகோ போடுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். டிசைனர்கள் கூடினால் முதல் மூன்று மாதம் லோகோவில் போய்விடும்.

கூடும் நாளை முதலில் நிலைப்படுத்துங்கள். மாதத்தின் இரண்டாம் சனி என்றால் எப்போதும் இரண்டாம் சனி. மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். தேதியை ஒருமுறை தள்ளினால் அடுத்த முறை "இந்தத் தடவையும் தள்ளுவார்கள்" என்று ஆட்கள் வரமாட்டார்கள். இடத்துக்கு நூலகம், யாராவது ஒருவரின் அலுவலகக் கூட்ட அறை போதும்.

பேச்சாளரைத் தேடி அலையாதீர்கள். பெரிய பெயர்களை நம்பித் தொடங்கும் குழு, பெயர்கள் தீர்ந்ததும் நின்றுவிடும். விமர்சனக் கூட்டமாக வையுங்கள்: ஒரு மாலைக்கு இரண்டு பேர், ஆளுக்கு இன்னும் முடிக்காத ஒரு வேலை. முடிந்த வேலையைக் காட்டினால் கைதட்டல்தான் கிடைக்கும். காட்டுபவர் முதலில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: இது யாருக்கு, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும். அவர் பதிவுப் படிவத்தின் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால், நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இதைக் கட்டிக்காக்க நடத்துநர் ஒருவர் வேண்டும், அவர் கொஞ்சம் கறாராகவும் இருக்க வேண்டும். கருத்து சொல்பவர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதோடு நிற்காமல், எந்தப் பயனருக்கு எங்கே இடிக்கும் என்று சொல்ல வேண்டும். காட்டியவர் தற்காப்பு வாதம் செய்யாமல் குறிப்பெடுக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் ஐந்து நிமிடம் அவருக்கே: என்ன மாற்றினார், எதை ஒதுக்கினார், ஏன். இந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் கூட்டம் அரட்டையாகிவிடும்.

ஆள் பெருகி முப்பது நாற்பது ஆனபிறகு, ஆண்டுக்கு ஒருமுறை முன்கூட்டிய நிகழ்ச்சி நிரல் இல்லாத முகாம் ஒன்று வைக்கலாம். பெர்லினில் 2009 முதல் நடந்த யூஎக்ஸ்கேம்ப் யூரோப் அந்த வகை. காலையில் வெற்று அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும், வந்தவர்களே நேரத்தையும் தலைப்பையும் எழுதி நிரப்புவார்கள். புராஜெக்ட் மேனேஜர், டெவலப்பர் எல்லோரையும் கூப்பிடுங்கள். வேலைக்கு ஆள் பிடிக்கும் நிறுவனங்கள் மோப்பம் பிடித்து வரும். வரட்டும், கடைசிப் பத்து நிமிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: விமர்சனக் கூட்டத்தில் அலுவலக வேலையைக் காட்டலாமா? ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்.

பதில்: கூடாது. நிறுவனப் பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், துறையில் இருப்பவர்கள் திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் ஏற்கெனவே வெளியான பகுதியை மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: அணுகல்தன்மை பக்கம் போக ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தயாரித்த டிஜிட்டல் அணுகல்தன்மை அடிப்படைப் பாடம் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் இருக்கிறது, இலவசமாகப் படிக்கலாம். அப்புறம் டபிள்யூசிஏஜி 2.2, 2023 அக்டோபரில் வந்த இணைய அணுகல்தன்மை நெறிமுறை. அதைத் தலைமாட்டில் வைத்து மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு தளத்தைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மே மாதம் மூன்றாம் வியாழன் உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு தினம். அன்று நடக்கும் நிகழ்ச்சிகளில், மாற்றுத்திறனாளிகள் தாங்களே திரைவாசிப்பானை இயக்கிக் காட்டும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசும் நிகழ்ச்சி எனக்கு அலுத்துவிட்டது. சான்றிதழ் வேண்டுமானால் அணுகல்தன்மை வல்லுநர்களின் சங்கமான ஐஏஏபி நடத்தும் சிபிஏசிசி என்ற அடிப்படைத் தேர்வு உண்டு, வேலையில் கொஞ்சம் அனுபவம் வந்தபின் எழுதலாம்.

கேள்வி: பல வருடம் இந்தத் துறையில் இருக்கிறேன். எந்த மீட்டப்புக்குப் போனாலும் ஆரம்பநிலைப் பேச்சாகவே இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது சொல்லுங்கள்?

பதில்: உங்கள் அனுபவத்துக்கு இணையான ஐந்தாறு பேரைப் பிடித்து மூடிய வட்டம் ஒன்று அமையுங்கள். அங்கே திரைகளைக் காட்ட வேண்டாம். ஆள் குறைப்பு, மேலதிகாரியிடம் ரிசர்ச்சுக்கு நிதி கேட்பது, தன்னைவிடத் திறமையான ஜூனியரை வளர்ப்பது, இவையெல்லாம் மேடையில் பேச முடியாதவை. வெளியே போக வேண்டுமானால் பக்கத்துத் துறைகளுக்குப் போங்கள். மானுடவியல் முறைகளைத் தொழிலில் பயன்படுத்துபவர்களின் எபிக் மாநாடு 2005 முதல் நடக்கிறது. ரிசர்ச் குழுவின் பின்னணி வேலைகளைப் பார்ப்பவர்களுக்கு ரிசர்ச்ஆப்ஸ் சமூகம் இருக்கிறது. அங்கே நீங்கள்தான் புதியவர்.

கேள்வி: ஏஐ வைத்து டிசைன் செய்யும் வார இறுதிப் பட்டறைகள் கொட்டிக்கிடக்கின்றன. போகலாமா?

பதில்: பாடத்திட்டத்தை முதலில் கேளுங்கள். டூலின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தால், அடுத்த அப்டேட்டோடு அந்தப் பட்டறை காலாவதி. ஏஐ தந்ததைச் சரிபார்ப்பது எப்படி, பயனர் தரவை அதில் போடலாமா என்பவை இருந்தால் போய்வாருங்கள்.

கேள்வி: கடைசியாக ஒரு சின்னக் கேள்வி அக்கா. மீட்டப்புக்கு லேப்டாப் எடுத்துப்போக வேண்டுமா?

பதில்: விமர்சனக் கூட்டம், பட்டறை என்றால் ஆமாம், சார்ஜரோடு. மற்றபடி வேண்டாம்.