நள்ளிரவில் கதவைத் தட்டிய அரசாங்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 56. கணவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வேலை பார்க்கிறாள். தன்னோடு வேலை செய்யும் கறுப்பின அமெரிக்கர் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாள். பையனோடு இரண்டு முறை வீடியோவில் பேசினேன். தன்மையான பிள்ளை. ஆனால் அவருடைய தாய் தகப்பனுக்கு முறைப்படி கல்யாணமே நடக்கவில்லை. அவருக்கு ஐந்து வயதானபோது தகப்பன் போதைப்பொருள் வழக்கில் பத்து வருடம் சிறைக்குப் போய்விட்டாராம். தாய் மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்து தனியாக வளர்த்திருக்கிறார்.

என் கணவர் சொல்கிறார்: "நான் நிறத்தைப் பார்க்கவில்லை. அவர்களில் பத்துக் குழந்தைகளில் ஏழு, கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறப்பவை. அந்த நாட்டுக் கணக்கே இப்படிச் சொல்கிறது. குடும்பம் நிலைக்காத இனம். நம் ஆட்களும் வெறுங்கையோடுதானே போய் முன்னேறினார்கள்? அரசாங்கம் சோறு போட்டும் இவர்கள் ஏன் முன்னேறவில்லை?" மகள் அவரோடு பேசி நான்கு மாதம் ஆகிறது. அவர் சொல்வது நியாயமா, வெறும் வெறுப்பா என்று எனக்குப் புரியவில்லை. வழி சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்லும் எண் ஏறத்தாழ சரிதான். சமீப ஆண்டுகளில் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர் மணமாகாத தாய்க்குப் பிறக்கிறார்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து வளர்க்கும் குழந்தைக்குப் பணமும் நேரமும் கூடுதலாகக் கிடைக்கின்றன என்பதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த எண்ணிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த முடிவு தவறு. பிறப்பிலேயே அப்படிப்பட்ட மக்கள் என்றால் அந்த எண் எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். 1960-ல் கறுப்பினக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் தாய் தகப்பன் இருவரோடும் வாழ்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட இளம் வயதிலேயே மணம் முடித்தார்கள். அதே மக்கள்தான். இடையில் மாறியது என்ன என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடிமை முறை இருந்த காலத்தில் அடிமைகளின் திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல. முதலாளி நினைத்தால் கணவனை ஓர் ஊருக்கும் மனைவியை வேறோர் ஊருக்கும் விற்கலாம். பால்குடி மறந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்கலாம். 1865-ல் விடுதலை வந்தபோது அந்த மக்கள் செய்தது என்ன தெரியுமா? நடந்தே ஊர் ஊராகப் போய் மனைவியைத் தேடினார்கள், பிள்ளைகளைத் தேடினார்கள். எத்தனையோ தம்பதியர் பழைய வாழ்க்கையைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள முன்வந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் திருச்சபைப் பத்திரிகை ஒன்று 1879 முதல் 'தொலைந்த உறவுகளை'த் தேடும் கடிதங்களுக்கென்றே ஒரு பகுதி நடத்தியது. பத்திரிகைக்குச் சந்தா கட்டாதவர் என்றால் ஒரு கடிதம் வெளியிட 50 சென்ட். என் தாயின் பெயர் இது, இன்னாரிடம் விற்கப்பட்டாள், எனக்கு அப்போது இத்தனை வயது என்று எழுதியிருப்பார்கள். போதகர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவற்றை உரக்க வாசிப்பார்கள். விடுதலை கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. வாசகர் கடிதங்களோடு வாழ்கிறவள் நான். அவற்றில் சிலவற்றைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மக்களைக் குடும்பப் பற்று இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி, 'அரசாங்கம் சோறு போட்டும்' என்றாரே, அந்தச் சோற்றைப் பார்ப்போம்.

1935-ல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. முதியோர் ஓய்வூதியத்தில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் சேர்க்கவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்த வேலைகள் அந்த இரண்டுதான். அதே சட்டம் ஏழைக் குழந்தைகளுக்கு உதவித்தொகை ஒன்றும் வைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை: தகப்பன் இறந்திருக்க வேண்டும், அல்லது உழைக்க முடியாதவனாக இருக்க வேண்டும், அல்லது வீட்டில் இல்லாதவனாக இருக்க வேண்டும். உடலில் தெம்புள்ள, ஆனால் வேலை கிடைக்காத தகப்பன் வீட்டில் இருந்தால் பிள்ளைக்குப் பணம் கிடையாது. அவன் வெளியேறினால் கிடைக்கும். சகோதரி, பசித்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆணிடம் இப்படி ஒரு கணக்கை நீட்டினால் அவன் என்ன செய்வான்? வேலையில்லாத் தகப்பன் இருக்கும் வீட்டுக்கும் தரலாம் என்று 1961-ல் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். எல்லா மாநிலங்களும் தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வர 1988 ஆகிவிட்டது.

இதைவிடக் கொடுமையானது 'வீட்டில் ஆண்' விதி. உதவித்தொகை வாங்கும் பெண்ணின் வீட்டில் ஆண் எவனாவது தங்குகிறானா என்று பார்க்க அதிகாரிகள் இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், குளியலறையில் தேடுவார்கள். 1963 ஜனவரியில் கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் இப்படி ஒரு சோதனைக்குப் போகச் சொன்னபோது, கண்பார்வையற்ற சமூகநலப் பணியாளர் ஒருவர் போக மறுத்தார். வேலையை விட்டு நீக்கப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அலபாமா மாநிலம் 1964-ல் இந்த விதியை இன்னும் இறுக்கியது. ஒரு பெண்ணோடு உறவு வைத்திருக்கும் ஆண் யாராக இருந்தாலும், அவன்தான் அவளுடைய பிள்ளைகளுக்கு 'மாற்றுத் தகப்பன்' என்று எழுதிவிட்டு உதவித்தொகையை நிறுத்தியது. அவன் ஒரு காசு தருகிறானா, தருகிற நிலையில் இருக்கிறானா என்பது கேள்வியே இல்லை. செல்மா நகரத்தில் திருமதி சில்வெஸ்டர் ஸ்மித் என்ற கறுப்பினத் தாய்க்கு நான்கு பிள்ளைகள். விடியற்காலை மூன்றரை மணி முதல் நண்பகல் வரை சமையல் வேலையும் பரிமாறும் வேலையும் செய்தார். வாரக் கூலி 16 முதல் 20 டாலர். வார இறுதியில் ஓர் ஆண் அவரைப் பார்க்க வந்துபோகிறார் என்று பிள்ளைகளின் பணத்தை வெட்டிவிட்டார்கள். அந்த மனிதருக்கோ மனைவியும் சொந்தப் பிள்ளைகள் ஒன்பது பேரும் இருந்தார்கள். ஸ்மித் வழக்குப் போட்டார். 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் இரண்டரை ஆண்டுகளில் அலபாமாவில் மட்டும் உதவி பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 16,000 குறைந்திருந்தது.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஓர் உறவுக் கதை உண்டு. உசிலம்பட்டிப் பகுதிப் பெரியவர்களிடம் கைரேகைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்கார அரசு ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்து, ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும் என்றது. புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளைக்கும் அதே கதிதான். எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920-ல் சுட்டது. அந்த வீடுகளைப் பார்த்து 'ஆண் துணை இல்லாத வீடு' என்று எவராவது இழிவாகப் பேசியிருந்தால் நாம் பொறுப்போமா?

உங்கள் கணவர் வங்கியில் இருந்தவர். ஆகவே அவருக்கு இதை நான் சொன்னாலே புரியும். வீட்டுக் கடன் கிடைப்பது குடும்பத்தை எப்படி ஊன்ற வைக்கும் என்பதை அவர் தம் மேசையிலேயே பார்த்திருப்பார். 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் நகரங்களின் வரைபடம் தயாரித்து, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பில் தீட்டிக் கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் தந்தார்கள். 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில் அப்படிக் கொடுத்த கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. வெள்ளைக்காரக் குடும்பங்கள் அன்று வாங்கிய வீடுதான் பிள்ளையின் கல்லூரிச் செலவானது, பேரனின் முதலீடானது. 2022-ல் அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த கணக்கில் சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர்.

பிறகு தொழிற்சாலைகள் மூடின. டெட்ராய்ட், சிகாகோ போன்ற நகரங்களில் படிப்பில்லாத ஆணும் குடும்பத்தைக் காப்பாற்றும் சம்பளம் வாங்கிய வேலைகள் போயின. வேலையில்லாதவனுக்கு நம் ஊரில் பெண் கொடுப்போமா? அங்கேயும் அதுதான் நடந்தது என்று வில்லியம் ஜூலியஸ் வில்சன் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து எழுதினார். வெள்ளையினத்தவரிடமும் மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் 1960களின் தொடக்கத்தில் நூற்றுக்கு மூன்று; இப்போது நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேல். அவர்களுடைய ரத்தத்திலும் இப்போது ஏதோ கெட்டுவிட்டது என்று உங்கள் கணவர் சொல்வாரா? உதவித்தொகைதான் மக்களைச் சோம்பேறிகளாக்கிக் குடும்பத்தைக் குலைத்தது என்று அங்கே ஒரு சாரார் இன்றும் வாதிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கெடுத்தது அதில் வைத்த நிபந்தனை. 2021-ல் பிள்ளை வளர்ப்புக்காகக் கேள்விமுறை இல்லாமல் பெரும்பாலான பெற்றோருக்கு மாதாமாதம் பணம் கொடுத்தபோது குழந்தை வறுமை 5.2 விழுக்காடாக இறங்கியது. நிறுத்திய மறு ஆண்டே 12.4-க்கு ஏறியது.

அந்தப் பையனின் தகப்பனுக்கு வருகிறேன். உங்களை அதிகம் உறுத்துவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய வழக்கின் விவரம் எனக்குத் தெரியாது. அவர் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் 1986-ல் வந்த சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கொக்கெயின் பொடியாக இருந்தால் 500 கிராமுக்கு ஐந்தாண்டுச் சிறை. அதையே சமைத்துக் கட்டியாக்கிய 'கிராக்' என்றால், அதே ஐந்தாண்டுக்கு 5 கிராம் போதும். அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. 50 கிராம் என்றால் பத்தாண்டு. நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. பொடி வசதியான வெள்ளையர் வட்டாரங்களில் புழங்கியது. கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். நூறு மடங்கு இருந்த இந்த வேறுபாட்டை 2010-ல்தான் பதினெட்டு மடங்காகக் குறைத்தார்கள். 1970-ல் சுமார் இரண்டு லட்சமாக இருந்த அமெரிக்கச் சிறைவாசிகள் 2009-ல் சுமார் 16 லட்சம். அத்தனை வீடுகளிலும் ஒரு நாற்காலி காலியானது.

நம் ஊரில் தகப்பன் துபாயில் பத்து வருடம் இருந்தால் 'உழைக்கப் போயிருக்கிறார்' என்போம், பிள்ளைக்குப் பெண் கொடுப்போம். தாய் தனியாக நின்று வளர்த்த பிள்ளையை மட்டும் 'கைம்பெண் வளர்த்த பிள்ளை' என்று ஏசும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. இரண்டையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழும் தகப்பன்மாரை அந்நாட்டுச் சுகாதாரத் துறை கணக்கெடுத்து 2013-ல் வெளியிட்டது. குழந்தையைத் தினமும் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுவதாகச் சொன்னவர்கள் கறுப்பினத் தகப்பன்மாரில் நூற்றுக்கு எழுபது பேர், வெள்ளையினத்தவரில் அறுபது பேர்.

'நம் ஆட்கள் வெறுங்கையோடு போனார்கள்' என்பதையும் அவரிடம் மெதுவாகத் திருத்துங்கள். 1946-ல் அமெரிக்கா இந்தியர்களுக்குக் கதவு திறந்தபோது ஆண்டுக்கு 100 பேரைத்தான் அனுமதித்தது. பெரிதாகத் திறந்தது 1965-ல், கறுப்பின மக்கள் ரத்தம் சிந்தி நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில். அப்போதும் டாக்டரையும் என்ஜினீயரையும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. அவர்களைப் படிக்க வைத்தது நம் நாட்டு மக்களின் வரிப்பணம். உங்கள் மகள் வாழும் அட்லாண்டா, மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர். அந்த ஜார்ஜியா மாநிலத்திலேயே 1967 வரை வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது குற்றம். அந்த ஆண்டு லவ்விங் என்ற தம்பதியர் வென்ற வழக்கால்தான் நாடு முழுவதும் அந்தத் தடை நீங்கியது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கணவரோடு எண்களை வைத்து வாக்குவாதம் செய்யாதீர்கள். இதை அவரே படிக்கட்டும். மாப்பிள்ளையைப் பற்றி எந்தத் தகப்பனும் விசாரிக்கலாம், அவரும் விசாரிக்கட்டும். கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்கிறார், கடன் இருக்கிறதா, பிள்ளை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வது, பெண்ணின் வேலையை மதிக்கிறாரா என்று கேட்கட்டும். நம் சாதியில் வந்திருந்தாலும் கேட்டிருப்பார் அல்லவா? மகளிடம் நீங்களும் ஒன்று கேளுங்கள். காரோட்டிப் போகும் கணவனைப் போலீஸ் நிறுத்தும்போது வரும் பயத்தைத் தாங்க அவள் தயாராக இருக்கிறாளா, நாளை பிறக்கும் மகனுக்கு அதைச் சொல்லி வளர்க்கத் தயாராக இருக்கிறாளா என்று. அவளைத் தடுப்பதற்காக அல்ல, அம்மா உடன் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிவதற்காக.

பையனோடு இரண்டு முறை பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அம்மாவோடு ஒரு முறைகூடப் பேசியதாக எழுதவில்லை. மகளிடம் அவருடைய எண் இருக்கும். ஆங்கிலம் திக்கினால் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம். உங்கள் மகன் சின்ன வயதில் என்ன சாப்பிடுவான் என்று கேளுங்கள். இரவு வேலைக்குப் போனபோது பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கணவர் பக்கத்து அறையிலிருந்து கேட்கும்படி கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.