லாட்டரிப் பரிசுக்கு ஏன் நாட்டுக்கு நாடு வேறு வரி?

பிரிட்டனில் பரிசுப் பணம் முழுதாகக் கைக்கு வருகிறது, அமெரிக்காவில் மட்டும் ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரிட்டனிலும் அரசு வரி எடுக்கத்தான் செய்கிறது, இடம்தான் வேறு. டிக்கெட் விற்பனையிலேயே 12 சதவீதம் லாட்டரித் தீர்வையாகப் போய்விடும். அதனால் வென்றவரிடம் வருமான வரி கேட்பதில்லை. உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் லாட்டரியை நடத்த, சூதாட்ட ஆணையம் அதைக் கண்காணிக்கிறது.

அமெரிக்காவில் தேசிய லாட்டரி என்று ஒன்றே இல்லை; நடத்துவது மாநிலங்கள். பரிசு அங்கே சம்பளம் போல வருமானம்தான். 5,000 டாலரைத் தாண்டினால் 24 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். பெரிய பரிசென்றால் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கைப் போடும்போது உச்ச விகிதமான 37 சதவீதம் வரை போகும், மீதியைப் பிறகு கட்ட வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். அப்புறம் மாநில வரி; கலிபோர்னியா தன் லாட்டரிப் பரிசுக்கு அதை வாங்குவதில்லை. ஸ்பெயினில் 40,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 20 சதவீதம்.

நண்பர்கள் சேர்ந்து டிக்கெட் வாங்கினால், குலுக்கலுக்கு முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வையுங்கள். பிரிட்டனில்கூட, அப்படி எழுதாமல் பிறகு பிரித்துக் கொடுத்தால் அது அன்பளிப்பாகக் கருதப்படலாம். கொடுத்தவர் ஏழு ஆண்டுகளுக்குள் இறந்தால் வாரிசுரிமை வரிக் கணக்கில் வரும்.