மருந்துதான் காரணம் என்று உறுதியாகத் தெரியாமல் பக்கவிளைவைத் தெரிவிக்கலாமா?

தாராளமாக. சந்தேகமே போதும். மருத்துவ மாணவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்: தேர்வில் 'ஃபார்மகோவிஜிலன்ஸ்' (மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது) வரையறையைப் பிசகாமல் எழுதுவார்கள், வார்டில் ஒருவருக்குத் தடிப்பு வந்தால் படிவம் எங்கே என்று தெரியாது.

10,000 பேரில் ஒருவருக்கு வரும் விளைவு, 3,000 பேரிடம் நடக்கும் சோதனையில் பெரும்பாலும் கண்ணில் படாது. மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகுதான் தெரியவரும். கர்ப்பிணிகள் குமட்டலுக்கு எடுத்துக்கொண்ட தாலிடோமைடு மருந்தின் ஆபத்து 1961-இல் பிடிபட்டதும் அப்படித்தான். கைகால் குறையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்த மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1968-இல் உலக சுகாதார நிறுவனம் சர்வதேசக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

படிவத்தில் நான்கு விவரம் இருந்தால் சரி: நோயாளி (முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்தும் வயதும் போதும்), தெரிவிப்பவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த விளைவு. அப்புறம், மருந்து தொடங்கிய தேதியையும் தடிப்பு வந்த தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். அலசிப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.