தோல் பிரிவு வரிசை

அன்புள்ள சார்,

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான்கு வருடமாக கவுன்சிலராக இருக்கிறேன். எம்.எஸ்சி. உளவியல் படித்தவள். மாணவர்கள் தாங்களாக வருவதில்லை, துறைத்தலைவர் அனுப்பினால்தான் வருகிறார்கள். பழகிவிட்டவர்களோ ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடுகிறார்கள். எடுக்காமல் இருக்க மனசு கேட்பதில்லை. இப்போது எனக்கே தூக்கம் போய்விட்டது. யாரிடமாவது காட்டலாம் என்றால் இந்த ஊரில் எல்லாரும் தெரிந்தவர்கள். மேலே படித்து மருத்துவமனை வேலைக்குப் போய்விடலாமா? பெயர் போட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். கவுன்சிலிங் என்றால் பொறியியல் சீட்டு, கட்-ஆஃப் எவ்வளவு என்பார்கள். மிச்சமிருக்கும் அர்த்தத்துக்கு 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பெயர். எத்தனையோ தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு நாம் கொடுத்த கூலி, அந்தப் பேட்டையின் பெயரையே வசவாக்கியது.

1993-ல் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மூன்று அரியர். ஒரு மாதமாகத் தூக்கமில்லை, மெஸ் பக்கமே போகவில்லை. அறைத்தோழன் அரசு மருத்துவமனைக்கு இழுத்துப்போனான். ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்தால், எதிரில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். மனைவிக்குக் கண் காட்ட வந்திருந்தார். சட்டென்று எழுந்து பக்கத்தில் தோல் பிரிவு வரிசையில் நின்றுவிட்டேன். வரிசை நகர்ந்து நகர்ந்து டாக்டர் முன்னால் கொண்டுபோய் விட்டது. "சீட்டுல வேற பிரிவு போட்டிருக்கே?" என்றார். தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லி முழங்கையைக் காட்டினேன். படை என்று ஒரு களிம்பு கொடுத்தார். நிஜமாகவே படை இருந்திருக்கும் போல, பத்து நாளில் ஆறிவிட்டது.

மறுபடி அந்த பெஞ்சுக்குப் போக ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் அரியர் ஐந்தாகிவிட்டது.

உங்கள் கடிதத்தில் 'அனுப்பினால்தான்' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். வகுப்பு நடுவில் பியூன் வந்து "கவுன்சிலர் மேடம் கூப்பிடறாங்க" என்றால் நாற்பது தலை திரும்பும். நானாக இருந்தால் இப்போதும் முழங்கையைத்தான் காட்டுவேன். உங்கள் அறை முதல்வர் அறைக்குப் பக்கத்தில்தானே? பந்தயம் கட்டுகிறேன். இடம் மாற்றிக் கேளுங்கள். உதவித்தொகைப் படிவம் கொடுக்கிற தாழ்வாரத்தில் இருக்கட்டும், யார் எதற்கு வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அனுப்பிய துறைத்தலைவர் "என்னதான் சொன்னான்?" என்று கேட்பார். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய வாயைத் திறக்காதீர்கள். 100 மாணவர்கள் இருந்தாலே ஒரு கவுன்சிலர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. சரி, ஆள் போடுவார்கள், பெயர்ப்பலகையும் மாட்டுவார்கள். அறை எங்கே இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த இரண்டு மணி விஷயம். நீங்கள் எடுக்காவிட்டால் அவர்களுக்கு வேறு நாதியில்லை என்று நினைக்கிறீர்கள். அன்பு மாதிரி தெரிகிறது, உள்ளே இருப்பது கர்வம். டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவித் தொலைபேசி, 14416, 2022-லிருந்து இருக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986-லிருந்து இதே வேலையைச் செய்கிறது. எண்ணைக் கதவில் ஒட்டுங்கள், போனை அணைத்துவிட்டுப் படுங்கள். அதே எண்ணை நீங்களும் கூப்பிடலாம் அம்மா, அங்கே எந்த மளிகைக்கடைக்காரரும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

மேலே படிப்பதா, வேலை மாறுவதா என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை, தெரிகிறது. நாலு நாள் தூங்கிவிட்டு அப்புறம் எழுதுங்கள்.